உரிமம் பெற்ற நாக்கு

மோகனாவின் நாக்குக்கு அரசாங்க உரிமம் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூட அவளிடம் உரிமம் கிடையாது. ஆனால் நாக்குக்கு இருந்தது. தாடைக்கு அடியில் அரிசி அளவில் ஒரு சில்லு வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கென்று ஓர் எண்ணும் உண்டு.

ஈப்போவில் சீன வைத்தியரை எல்லா இனத்தவரும் சின்சே என்றுதான் கூப்பிடுவார்கள். சின்சே லோவுக்குச் சொந்தமான கஷாயக்கூடம், பழைய ஈயச் சுரங்கக் குழியான லம்பத்தை மண் போட்டு மேவிக் கட்டிய இடத்தில், சுண்ணாம்பு மலையை ஒட்டி நின்றது. முன்னால் கண்ணாடிக் கோபுரம். அதன் மாடி தோறும் மண்ணில்லாமல் கிழங்கு வளர்ந்தது. பின்னால் கொதிகலன்கள். மருந்தைக் கொதிக்க வைத்துப் பையில் அடைத்து நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்புவார்கள். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் சின்சே மோகனாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பிப்பார்.

"இதுதான் ஃபூஸி. உடம்பில் அணைந்துபோன நெருப்பை மறுபடி மூட்டுகிற கிழங்கு. கைகால் சில்லிட்டவன், இதயம் களைத்துக் கால் வீங்கியவன், எல்லோருக்கும் இதுதான். ஆனால் பச்சையாக ஒரு துண்டு தின்றால் போதும். இதயம் தாறுமாறாக அடித்து நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது."

விருந்தாளிகள் கொஞ்சம் பின்னால் நகர்வார்கள். சின்சேக்கு அது பிடிக்கும்.

"பயப்படாதீர்கள். இஞ்சியும் அதிமதுரமும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் விஷம் உடையும், மருந்து மிஞ்சும். நடுவில் நெருப்பு அணையக் கூடாது. பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. சாராயத்தோடு ஆகவே ஆகாது."

"கொதித்தது போதும் என்று எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் மேற்பார்வையாளன் தனபாலன் கேட்பான்.

"அந்தக் காலத்து வைத்தியர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். மரத்துப்போனால் இன்னும் கொதிக்க வேண்டும்."

"இப்போது அதற்கு இயந்திரம் இருக்குமே?"

"இருக்கிறது. ஆனால் எங்கள் கிழங்கு மரபணு திருத்தியது. பழையதைவிடப் பல மடங்கு வீரியம். அதற்கு ஒரு கெட்ட குணம், ஒவ்வொரு அறுவடையிலும் விஷத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். இயந்திரம் தனக்குச் சொல்லிக்கொடுத்த விஷத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும். நரம்புக்கு அப்படியில்லை. என்ன விஷமாக இருந்தாலும் நரம்பு மரக்கும். அதனால் சட்டமே சொல்கிறது, ஒவ்வொரு பானைக்கும் ஓர் உயிருள்ள நாக்கு வேண்டும். காட்டு, மோகனா."

மோகனா நாக்கை நீட்டுவாள். படம் எடுப்பார்கள்.

அவள் அண்ணன் நேசன் லாரி ஓட்டியவன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவன் இதயம் பாதிதான் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தபோது கக்கூஸுக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. இந்தக் கஷாயம் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தான். மருந்து வேலை செய்தது. அதில் பொய் இல்லை. அதை வாங்குகிற வசதி அவர்களுக்கு இல்லை, ஆனால் நாக்குக்காரர்களின் குடும்பத்துக்கு இலவசம். மோகனா வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான்.

மதியச் சாப்பாட்டில்தான் விஷயம் உடைந்தது. முகப்பில் மருந்துப் பைகள் கொடுக்கும் மெய் யோக், தமிழர்கள் நிறைந்த புந்தோங்கில் வளர்ந்தவள். தமிழ் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. மோகனாவின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த சாம்பாரைத் தொட்டு வாயில் வைத்தவள் அப்படியே துப்பினாள்.

"மோகனாக்கா! உப்பு லாரி கவுந்துச்சா உங்க வீட்டுல?"

"ஏன், அதிகமா?"

"அதிகமாவா? இத குடிச்சா மாடு செத்துரும் லா."

மோகனா இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். சூடு தெரிந்தது. குழகுழப்பு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. மெய் யோக்கின் டப்பாவிலிருந்து ஒரு சிலி பாடி மிளகாயை எடுத்து, நடுநாக்கில் வைத்து மென்றாள். தொண்டைக்குள் இறங்கும்போதுதான் எரிந்தது. நாக்கு, யாரோ வாயில் வைத்துவிட்டுப் போன துணி மாதிரிக் கிடந்தது.

மெய் யோக் சிரிப்பதை நிறுத்தினாள்.

"எவ்ளோ நாளா?"

"தெரியல."

அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதயம் கெட்டவனுக்கு உப்பு விஷம். போட்ட சாப்பாட்டையெல்லாம் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். அவன் கணுக்கால் மறுபடி வீங்கியது எதனால் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய கேள்வி அடுத்ததாக வந்தது. அன்று காலையில்கூடச் சில்லு, பானையில் விஷமில்லை என்று பச்சை காட்டியது. நேற்றும் பச்சை. கடைசியாக ஒரு பானையைத் தடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"மெய் யோக், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? மருந்து குடிச்சுட்டு?"

மெய் யோக் டப்பாவை மூடினாள். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"பஸ் அங்கிள் போன் பண்ணாரு."

அந்தோணி அங்கிளைத் தெரியாதவர்கள் கூடத்தில் இல்லை. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பார். வந்தால், "எந்தப் பொண்ணு இத நக்குச்சு? கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாமே!" என்று கத்துவார். நேசனுக்குப் பழைய சிநேகிதர். இருவரும் ஒரே மருந்துக்காரர்கள், காலையில் ஒன்றாகத்தான் நடப்பார்கள். போன வாரம் செத்துப்போனார். குளியலறையில் விழுந்து கிடந்தார். இதய நோயாளி, இதயம் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மோகனா சாவு வீட்டுக்குப் போய் அவர் மனைவி பெனடிக்டா ஆன்ட்டியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு வந்தாள்.

"என்னா சொன்னாரு போன்ல?"

"உதடு மரத்துப்போகுது, நெஞ்சு குதிக்குதுன்னாரு. நான் சின்சேகிட்ட ஓடுனேன். மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லுன்னாரு." அவள் கண் கலங்கியது. "நான் சொன்னேன் கா. அங்கிள், மருந்து வேலை செய்யுது, நல்லா தூங்குங்கன்னு சொன்னேன்."

மோகனா டப்பாவை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள்.

தனபாலன் சில்லுகளைச் சரிபார்க்கும் அறையில் உட்கார்ந்திருந்தான். திங்கள்கிழமை தோறும் நாக்குக்காரர்களை இங்கே உட்கார வைத்து நாக்கு நுனியில் ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுப்பான். நரம்பு எவ்வளவு துள்ளுகிறது என்று சில்லு குறித்துக்கொள்ளும். பானையைச் சுவைத்த பிறகு அதே அதிர்ச்சி. முன்பைவிடத் துள்ளல் குறைந்தால் சிவப்பு. குறையாவிட்டால் பச்சை. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

"அண்ணே, என் நாக்கு செத்துப்போச்சு."

அவன் நிமிரவில்லை. "கதவ சாத்து."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உக்காரு, தங்கச்சி."

"தெரியுமான்னு கேட்டேன்."

"எல்லார் நாக்கும்தான் சாகுது. தினம் விஷத்த நக்குனா சாகாம பூக்குமா?" எழுந்து அவனே கதவைச் சாத்தினான். "நான் ஒவ்வொரு திங்களும் பூஜ்யத்த மாத்தி வைக்கிறேன். இன்னிக்கு உன் நாக்கு எவ்ளோ துள்ளுதோ அதான் உன் முழு அளவுன்னு. சில்லு அத வெச்சுத்தான் பாக்கும்."

"செத்த நாக்கு சுவைக்கு முன்னாடியும் துள்ளாது, பின்னாடியும் துள்ளாது."

"ஆமா."

"அதனால பச்சை."

"ஆமா."

"அதுக்குத்தான் எனக்கு இந்த வருஷம் சிறந்த பணியாளர் கேடயம் குடுத்தீங்களா? நான் எதையும் தடுக்காததுக்கு?"

அந்தக் கேடயத்தைத் தனபாலன்தான் மாலை போட்டுக் கையில் கொடுத்தான். தீபாவளி விருந்தில், எல்லோர் முன்னாலும்.

"புது நாக்கு எங்க கிடைக்குது? வர்ற புள்ளைங்க ரெண்டு பானையத் தடுத்துட்டு வாந்தி எடுத்துட்டு ஓடுதுங்க. கரண்டு விலை ஏறுனதுலருந்து கொதிக்கிற நேரத்தப் பாதியாக்கிட்டாங்க. நல்ல நாக்கா இருந்தா பாதிப் பானையக் கொட்டணும். புரியுதா? கம்பெனிக்கு உன்ன மாதிரி நாக்குத்தான் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நேசன் நல்லாத்தான இருக்கான்? பசாருக்கெல்லாம் போறானே. அத நெனச்சுப் பாரு."

அவன் மிரட்டவில்லை. உண்மையிலேயே கரிசனமாகத்தான் சொன்னான். இதே அறையில் இருந்துகொண்டு, இவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு, திங்கள் தோறும் இவள் நாக்கு சாவதை எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சின்சே லோவிடம் போனாள். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மலாயில், நிதானமாகப் பேசினார்.

"மோகனா, இந்த மருந்து இல்லாவிட்டால் எத்தனை பேர் சாவார்கள் என்று உனக்குத் தெரியும். உன் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான். வரிசையில் காத்திருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் வேகமாகக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அப்போது எங்காவது ஒரு பானை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காப்பாற்றுகிறவர்கள்தான் அதிகம்."

"அந்தோணி அங்கிளுக்கு அந்தக் கணக்கு தெரியுமா, சின்சே?"

"அவர் எப்படியும்..."

"நீங்க இத குடிக்கிறீங்களா?"

அவர் தேநீரைப் பார்த்தார். "எனக்கு இதயம் நன்றாக இருக்கிறது," என்றார்.

அவள் தேநீரைத் தொடாமல் எழுந்தாள். குடித்திருந்தாலும் சுவை தெரிந்திருக்கப் போவதில்லை.

நாலைந்து நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். பானைகளுக்குப் பச்சை விழுந்தது, அவள் தடுக்காமல் நின்றாள். ஒவ்வொரு பானையிலும் யாரோ ஓர் அந்தோணி மிதப்பது போலிருந்தது. அதிலேயே தன் அண்ணனின் மூச்சும் கொதித்தது. வாயைத் திறந்தால் அவன் மருந்து போகும். திறக்காவிட்டால் ஒருநாள் அவனே போவான். வீட்டுக்கு வந்தால் அவன், "சாப்டியாம்மா?" என்று கேட்பான். உப்பைக் கண்ணால் அளந்து போட்டாள். சாம்பார் நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், "சூப்பர்" என்பான். உப்புக் கடலாக இருந்தபோதும் அதையேதான் சொன்னான்.

சுகாதார இலாகா அதிகாரி புவான் ரோஸ்னா ஆய்வுக்கு வந்த நாளில் கூடத்தைக் கழுவி, அகர்பத்தி வரை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் புரியும், ஆனால் அதிகம் பேசாதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொதிகலன் பக்கம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். சின்சேயின் பிரசங்கம் நடந்தது. தனபாலன் கேட்க வேண்டியதைக் கேட்டான். பிறகு முதல் பானைக்கு மோகனாவைக் கூப்பிட்டார்கள்.

சட்டத்தில் ஒரு வரி இருந்தது. சில்லு என்ன காட்டினாலும், சுவைக்கிறவர் மரக்கிறது என்று வாயால் சொன்னால் அந்தப் பானையைக் கொட்டிவிட வேண்டும். எழுதியவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அந்த வரி வெளியே வந்ததிலிருந்து ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. சொன்னவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. காத்திருந்தார்கள். மின் அதிர்ச்சி. பச்சை.

"மரத்துப்போகுது," என்றாள் மோகனா.

தனபாலன் சிரித்தான். "என்னாது?"

"மரத்துப்போகுது. கொட்டிடுங்க."

புவான் ரோஸ்னா தலையசைத்தார். வேலையாட்கள் பானையைச் சாய்த்தார்கள். கறுப்புக் கஷாயம் ஆவி பறக்கக் கால்வாயில் ஓடியது. இஞ்சி வாசம் கூடம் முழுக்க எழுந்தது.

இரண்டாவது பானை. பச்சை.

"மரத்துப்போகுது."

"மோகனா," என்றான் தனபாலன், பல்லைக் கடித்துக்கொண்டு. "தங்கச்சி, நல்லா யோசிச்சு சொல்லும்மா."

"நல்லா மரத்துப்போகுதுண்ணே. உதடு வரைக்கும்."

அதுவும் ஓடியது. மூன்றாவதும். சின்சே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் கொதிகலன்களைப் பார்த்தார், வரிசையில் இன்னும் எத்தனை பானை இருக்கிறதென்று. அடுத்த பானையில் நேசன் வீட்டுக்குப் போகிற மருந்தும் இருந்தது. மோகனாவுக்கும் அது தெரியும். சொட்டு விழுவதற்கு முன்பே அவள், "மரத்துப்போகுது" என்றாள்.

தனபாலனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"பொய் சொல்றா, புவான்! சுத்தப் பொய்! இவ நாக்கு செத்து மாசக் கணக்காச்சு! வாயில மிளகாய வெச்சாலே இவளுக்குத் தெரியாது, இது மட்டும் எப்படித் தெரியும்? வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

ஆவி சீறிக்கொண்டிருந்தது. தனபாலன் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது.

புவான் ரோஸ்னா கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதக் கணக்காகவா?" என்று கேட்டார். மலாயில், ரொம்ப மெதுவாக. "அப்படியானால் இத்தனை மாதமாக இந்தப் பானைகளுக்குப் பச்சை கொடுத்தது யார்?"

தனபாலன் சின்சேயைப் பார்த்தான். சின்சே பானையைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே மோகனா நாக்கை நீட்டினாள். இந்த முறை யாரும் படம் எடுக்கவில்லை.

அன்று மத்தியானமே கூடத்தை மூடினார்கள். யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சின்சே தன் காரில் ஏறிப் போனார், தனபாலன் முன்சீட்டில். 'பராமரிப்பு வேலை நடக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கதவில் கம்பெனி ஒரு காகிதம் ஒட்டியது. மெய் யோக் முகப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். மருந்தைக் குடிக்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்றாள். வேறு என்ன குடிப்பது என்று கேட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுத்தாள். வெளியே ஒரு கிழவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மோகனா அவரைக் கடந்துதான் பஸ் ஏறினாள். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் நேசன் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செத்த நாக்கு, பூஜ்யம், கால்வாயில் ஓடிய பானைகள், எல்லாம். அவன் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"மருந்து இனி வராதுண்ணே. மன்னிச்சுக்கோ. இருக்கிற பைகளையும் குடிக்காத."

"சே, என்னாத்துக்கு மன்னிப்பு? நல்லதுதான் செஞ்சிருக்க," என்றான். பிறகு, "அப்படியே குடிச்சா ஆகாதுதான்," என்றான்.

அவள் முகம் கழுவப் போனவள் நின்றாள்.

"அப்படியேன்னா?"

அவன் அணைந்த வானொலியின் குமிழைத் திருகினான்.

"அண்ணே. அப்படியே குடிக்காம வேற எப்படிக் குடிப்ப?"

"நீ வேலைக்குப் போன பெறகு திரும்பக் கொதிக்க வைப்பேன்." பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னான். "கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் உதடு மரத்துச்சு. உன் சாப்பாடு வேற உப்பா இருந்துச்சா... எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுலருந்து ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாப்பேன். மரத்தா இன்னும் கொதிக்க வைப்பேன். மரக்கிறது நின்னாத்தான் குடிப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்ருவ. இல்லன்னா மனசு ஒடஞ்சு போயிருவ. எனக்காகத்தான நாக்க அடகு வெச்ச. அத போய் எப்படிம்மா சொல்றது?"

அவனுக்குக் கண் நிறைந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அவளுக்கும் நிறைந்திருக்கும். உப்புக் கரிக்கிற சோற்றை மாதக் கணக்கில் தின்று காலை வீங்க வைத்துக்கொண்டவன். தங்கச்சியின் மனசு நோகக் கூடாதென்று தனியாக நின்று விஷத்தைக் காய்ச்சியவன். அவனைக் கட்டிக்கொள்ளத்தான் கை எழுந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று வந்து நெஞ்சில் இடித்தது. காலை நடை. ஒரே பூங்கா, ஒரே பெஞ்சு, ஒரே மருந்து.

"அந்தோணி அங்கிள்கிட்ட சொன்னியா?"

நேசன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கொதிக்க வெச்சுக் குடின்னு அவருகிட்ட சொன்னியா?"

"அந்த ஆளு ஓட்டவாய்ம்மா. அவருகிட்ட சொன்னா ஊருக்கே தெரியும். கம்பெனி வரைக்கும் போகும். உன் பேருதான் மொதல்ல..."

"சொல்லல."

"உனக்காகத்தான்..."

"சொல்லாத. அத மட்டும் சொல்லாத."

எல்லோரும் யாருக்காகவோதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். சின்சே வரிசையில் நிற்பவர்களுக்காக. தனபாலன் அவளுக்காக. மெய் யோக் வேலைக்காக. இவன் தங்கச்சிக்காக. அத்தனை பாசத்துக்கு நடுவில் ஒரு மனிதர் குளியலறைத் தரையில் விழுந்து செத்தார். மோகனாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

வாசலுக்குப் போய் அவன் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள்.

"கெளம்பு."

"எங்க?"

"பெனடிக்டா ஆன்ட்டி வீட்டுக்கு. நான் என்ன செஞ்சேன்னு நான் சொல்றேன். நீ என்ன செஞ்சன்னு நீ சொல்லு."

"இப்பவா? மோகனா, அவங்க இருக்கிறது மூணாவது மாடி. லிப்டும் கெட்டுப்போய்க் கெடக்கு. மருந்து இல்லாம என்னால..."

"ஏறு," என்றாள். "மெதுவா ஏறு. நான் நிக்கிறேன்."